சூரிய மின்சாரம்: கையெழுத்துப் போடும் முன்...

(பெரம்பலூரில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டமொன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வழக்கறிஞனுக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வெயிலுக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. இதுநாள்வரை அது நம் மக்காச்சோளத்தையும் பருத்தியையும் சின்ன வெங்காயத்தையும் விளைய வைத்தது, சில ஆண்டுகளில் கருக்கவும் செய்தது. இப்போது அந்த வெயிலுக்கே விலை வந்துவிட்டது. விலை வந்த இடத்தில் தரகர் வருவார், தரகருக்குப் பின்னால் பத்திரம் வரும், பத்திரத்துக்குப் பின்னால் வழக்கு வரும். அதனால்தான் நான் இங்கே நிற்கிறேன்.

கடந்த சில ஆண்டுகளாக என்னிடம் மூன்று விதமான காகிதங்களை எடுத்துக்கொண்டு நம் மக்கள் வருகிறார்கள். நிலத்தை 25, 30 ஆண்டுக்குக் குத்தகை கேட்கும் காகிதம் ஒன்று. கடை மாடியில் சோலார் தகடு பொருத்தித் தருகிறோம் என்னும் காகிதம் இன்னொன்று. சோலார் கம்பெனியில் பங்கு வாங்குங்கள், மின்கட்டணம் குறையும் என்று ஆலைக்காரர்களிடம் நீட்டப்படும் காகிதம் மூன்றாவது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பெரும்பாலும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கொண்டுவருவார்கள்! முடி வெட்டிய பிறகு தலையில் தண்ணீர் தெளிப்பது போல.

அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார், நமக்கு?

ஒரு மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு ஏறத்தாழ 4 முதல் 5 ஏக்கர் நிலம் தேவை. அதற்குப் பல கோடி ரூபாய் முதலீடு வேண்டும், அதில் பெரும்பகுதி வங்கிக் கடன். கடன் கொடுக்கும் வங்கி நிலத்தின் மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, ‘அ’ பதிவேடு, சிட்டா, புலப்பட வரைபடம் எல்லாவற்றையும் தன் வழக்கறிஞரை வைத்துத் துருவித் துருவிப் பார்க்கிறது. கம்பெனிக்குத் தனியாகச் சட்ட ஆலோசகர்கள் இருக்கிறார்கள். டெல்லியிலும் மும்பையிலும் சென்னையிலும் இந்த ஒரு துறைக்காகவே பிரிவு வைத்திருக்கும் பெரிய சட்ட நிறுவனங்கள் உண்டு. நிலக் குத்தகை, மின்சாரம் விற்கும் ஒப்பந்தம், கடன் பத்திரம், ஒழுங்குமுறை ஆணையத்தில் வழக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு.

இதில் தவறு ஒன்றுமில்லை. பணம் போடுகிறவன் பாதுகாப்புத் தேடுகிறான். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்? லப்பைகுடிக்காட்டிலோ வி.களத்தூரிலோ செந்துறைப் பக்கமோ நாலு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் ஒரு பெரியவர். மகன் குவைத்தில் இருக்கிறான். பக்கத்தில் இருப்பவர் தரகர் மட்டும்தான். அந்தத் தரகருக்குக் கமிஷன் கொடுப்பது யார்? கம்பெனி! நம் பெரியவருக்கு ஆலோசனை சொல்லவும் அவர்தான்!

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்க வேண்டும், சாட்சிகள் வேண்டும், எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்பதைப் பேசும் அல்பகராவின் 282ஆம் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பது இங்குள்ள ஆலிம்களுக்குத் தெரியும். அந்த வசனத்தை ஓதும் சமுதாயம், ‘அண்ணன் சொன்னாரு, நம்பிக்கைதானே’ என்று வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவது எப்படி?

நம் மாவட்டம் பார்த்த நிலக் கதைகள்

நிலத்தைப் பெரிய திட்டத்துக்குக் கொடுத்து ஏமாந்த அனுபவம் நமக்குப் புதிதல்ல. 1990களின் பிற்பகுதியில் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்காக 13 கிராமங்களில் 8 ஆயிரம் ஏக்கருக்கும் மேல் நிலம் கையகப்படுத்தும் பணி தொடங்கியது. நிலக்கரியும் எடுக்கவில்லை, மின்சாரமும் வரவில்லை. இழப்பீடு போதாது என்ற வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. ஏறக்குறைய கால் நூற்றாண்டு போன பிறகு நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தரும் முடிவுக்கு அரசு வந்தது. அந்தக் கால் நூற்றாண்டில் அந்தப் பட்டாவை வைத்து ஒரு பெண்ணுக்குத் திருமணம் செய்ய முடிந்ததா? ஒரு கிணறு வெட்டக் கடன் வாங்க முடிந்ததா?

இந்தப் பக்கம் குன்னம் வட்டாரத்தில் ஜி.வி.கே. நிறுவனமும் டிட்கோவும் சேர்ந்து சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைப்பதாகச் சொல்லி, 2000களின் பிற்பகுதியில் சுமார் 3 ஆயிரம் ஏக்கர் கைமாறியது. பத்தாண்டுகளுக்கு மேல் அந்த நிலம் சும்மா கிடந்ததையும், கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டு மனுக்கொடுத்ததையும் இந்த மாவட்டத்தில் அறியாதவர் இல்லை.

இவற்றை நான் சொல்வது திட்டங்களே வேண்டாம் என்பதற்காக அல்ல. ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அரசு சட்டப்படி நிலத்தை எடுக்கும்போது இழப்பீடு போதவில்லை என்று கேட்க ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் மறுகுடியமர்வு, சமூகத் தாக்க ஆய்வு என்று சில பாதுகாப்புகளையும் தருகிறது. ஆனால் தனியார் கம்பெனியோடு நீங்களாகப் போய்க் கையெழுத்துப் போடும் குத்தகையில் கலெக்டரும் இல்லை, இழப்பீட்டு நீதிமன்றமும் இல்லை. அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் சட்டம்.

அரியலூர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உங்களைச் சுற்றி இருப்பவை சிமெண்ட் ஆலைகள். சிமெண்ட் தயாரிப்பில் கரியமில வாயு அதிகம் வெளியேறுகிறது. 2023 ஜூன் மாதம் மத்திய அரசு கார்பன் கடன் வணிகத் திட்டத்தை அறிவிக்கை செய்தது. சிமெண்ட் ஆலைகளும் அதன் வளையத்துக்குள் வருகின்றன. டன்னுக்கு இவ்வளவுதான் வாயு வெளியிடலாம் என்று அளவு வரும்போது, பசுமை மின்சாரம் அவர்களுக்கு வெறும் விளம்பரமல்ல, தேவை. ஆகவே நிலம் கேட்டு வருபவர்கள் இனிக் குறையப்போவதில்லை. பேரம் பேசும் பலம் உங்களுக்கு இருக்கிறது. அது இருப்பதே தெரியாமல் விட்டுவிடாதீர்கள்!

குத்தகைக் காகிதத்தில் எதைப் பார்ப்பது?

முதலில் பதிவு. ஓராண்டுக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் பதிவு செய்யப்பட்ட பத்திரமாகத்தான் இருக்க வேண்டும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 107ஆம் பிரிவும், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கின்றன. பதிவில்லாத 25 ஆண்டுக் குத்தகையை வைத்து நீங்கள் அந்தக் குத்தகை நிபந்தனைகளை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது. ‘பிறகு பதிவு செய்துகொள்ளலாம், இப்போதைக்கு முத்திரைத்தாளில் ஒரு ஒப்பந்தம்’ என்று சொல்வார்கள். அந்த ‘இப்போதைக்கு’ என்ற காகிதத்தில்தான் பல நேரம் சூட்சுமம் இருக்கிறது. அதில் குத்தகை தொடங்கும் நாள் எது என்று பாருங்கள். ‘திட்டத்துக்கு எல்லா அனுமதியும் கிடைத்த நாளிலிருந்து’ என்று இருந்தால், அனுமதி கிடைக்கும்வரை வாடகை கிடையாது, ஆனால் நிலத்தை வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது! மூன்று ஆண்டு ஒரு ரூபாய் வரும்படியில்லாமல் நிலம் கட்டிப்போடப்படும். கட்டிப்போடும் காலத்துக்கு ஒரு கெடு வேண்டும், அந்தக் காலத்துக்கும் ஒரு தொகை வேண்டும், கெடு தாண்டினால் ஒப்பந்தம் தானாக முடிய வேண்டும். இந்த மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். நியாயமான கம்பெனி எழுதித் தரும்.

அடுத்து வாடகை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், நம் வணிகர்களுக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. ஏக்கருக்கு ஆண்டுக்கு 30 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மானாவாரி நிலத்துக்கு இது நல்ல தொகையாகத் தெரியும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 25ஆம் ஆண்டில் நீங்கள் வாங்கும் அந்த 30 ஆயிரத்தின் மதிப்பு இன்றைய கணக்கில் சுமார் 7,400 ரூபாய்தான். ‘மூன்றாண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர்வு உண்டு’ என்று பெருமையாகச் சொல்வார்கள். அதையும் போட்டுப் பாருங்கள். 25ஆம் ஆண்டில் கையில் 44 ஆயிரம் வரும், இன்றைய மதிப்பில் 11 ஆயிரம்கூட வராது. ஆண்டுதோறும் உயர்வு கேளுங்கள், அதையும் கூட்டுக் கணக்கில் கேளுங்கள்.

மூன்றாவது, அடமானம். கம்பெனி தன் குத்தகை உரிமையைத்தான் வங்கியில் அடமானம் வைக்கலாம், உங்கள் நிலத்தின் உடைமையை அல்ல. இந்த ஒரு வரி பத்திரத்தில் தெளிவாக இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். மூலப்பத்திரத்தை ‘பார்த்துவிட்டுத் தருகிறோம்’ என்று வாங்கிக்கொண்டு போக விடாதீர்கள். சான்றிட்ட நகல் போதும். அதேபோல் உள்குத்தகை, உரிமை மாற்றம். இன்று உங்களிடம் கையெழுத்து வாங்கும் கம்பெனி நாளை இன்னொரு கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போகும். இந்தத் தொழிலில் அது சர்வசாதாரணம். புதிதாக வருபவர் பழைய வாடகை பாக்கிக்கும் பொறுப்பு என்று எழுதியிருக்க வேண்டும்.

நான்காவது, வழக்கு எங்கே நடக்கும் என்பது. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்: தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பாயம், இடம் புதுடெல்லி, நடுவரைக் கம்பெனி நியமிக்கும். 20 ஆயிரம் வாடகை பாக்கிக்கு டெல்லிக்கு ரயில் ஏறுவீர்களா? கட்சிக்காரர்களில் ஒருவரே, தன் இஷ்டத்துக்கு ஒற்றை நடுவரை நியமிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் பெர்க்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. இருந்தும் பழைய வாசகம் பழையபடி அச்சாகி வந்துகொண்டிருக்கிறது! இடம் பெரம்பலூர் அல்லது அரியலூர் அல்லது குறைந்தபட்சம் திருச்சி என்று மாற்றச் சொல்லுங்கள்.

ஐந்தாவதாக, முடிவு. 25 ஆண்டு கழித்து அந்தத் தகடுகளையும் இரும்புத் தூண்களையும் காங்கிரீட்டையும் யார் அப்புறப்படுத்துவது? 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது சூரியத் தகடுகளும் அதில் சேர்க்கப்பட்டன. தயாரிப்பாளருக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் உங்கள் வயலில் ஊன்றிய காங்கிரீட்டுக்கு அந்த விதி எதுவும் செய்யாது, பத்திரம்தான் செய்ய வேண்டும். கம்பெனி திவாலாகிப் போனால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வைப்புத்தொகையோ வங்கி உத்தரவாதமோ கேட்பது பேராசையல்ல. வண்டிப்பாதை, பக்கத்து வயலுக்கு மழைநீர் வடியும் வழி, கார்பன் கிரெடிட் வந்தால் அது யாருக்கு என்பவற்றையும் இதோடு பேசி முடித்துவிடுங்கள்.

அவசரம் யாருக்கு?

‘நாளைக்குள் கையெழுத்து வேண்டும்’ என்று ஏன் துரத்துகிறார்கள்? இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2014 செப்டம்பரில் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று விலை நிர்ணயித்தது. 2016 மார்ச் 31க்குள் மின் நிலையம் இயங்கத் தொடங்கினால்தான் அந்த விலை. அதற்குப் பிறகு 5 ரூபாய் 10 காசு. ஒரு நாள் தள்ளினால் யூனிட்டுக்கு ஏறத்தாழ 2 ரூபாய் நட்டம், அதுவும் 25 ஆண்டுக்கு! இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2,500 ஏக்கரில் அதானி குழுமம் 648 மெகாவாட் நிலையத்தை எழுப்பியது அந்தக் கெடுவை ஒட்டித்தான். கெடுவுக்குள் எத்தனை மெகாவாட் இயங்கியது, எதற்கு எந்த விலை என்ற தகராறு பின்னர் ஆணையத்துக்கும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போனது. அண்மையிலும் பாருங்கள், மாநிலம் விட்டு மாநிலம் மின்சாரம் அனுப்பும் கட்டணத்தில் முழு விலக்கு 2025 ஜூன் 30க்குள் இயங்கத் தொடங்கிய நிலையங்களுக்குத்தான் என்றார்கள்.

ஆக, அவசரம் அவர்களுடையது. கெடு அவர்களுடையது. அவசரப்படுகிறவரிடம்தான் நிதானமானவர் நல்ல விலை பேச முடியும் என்பது சந்தையில் உட்காரும் எந்த வியாபாரிக்கும் தெரியும்.

சகோதரியின் பங்கு, சவூதியிலிருந்து வரும் ‘பவர்’

இதைச் சற்று மனம் நோகும்படி சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வாப்பா 8 ஏக்கரை விட்டுவிட்டு மவ்த்தாகிறார். மனைவி, மூன்று மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். நம் வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது ஒரு ஏக்கர். மீதி 7 ஏக்கரில் மகன்களுக்கு இரண்டிரண்டு, மகளுக்கு ஒன்று. இந்தப் பங்கு வாப்பா இறந்த அந்த நிமிடமே அவரவருக்கு உரியதாகிவிடுகிறது. பட்டா அண்ணன் பெயரில் இருப்பதால் அண்ணனுக்குச் சொந்தமாகிவிடாது. பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவு, உரிமைப் பத்திரமல்ல.

ஆனால் நடப்பது என்ன? மூன்று அண்ணன்களும் கையெழுத்துப் போட்டு 8 ஏக்கரையும் குத்தகைக்கு விடுகிறார்கள். கட்டிக்கொடுத்த தங்கச்சியைக் கேட்பதே இல்லை. வாடகை மூன்றாகப் பிரிகிறது. பத்தாண்டு கழித்துத் தங்கச்சி மகன் படித்துவிட்டு வருகிறான், நோட்டீஸ் அனுப்புகிறான். அண்ணன்கள் தங்கள் பங்கைத்தான் கொடுக்க முடியும், அவள் பங்கைக் கொடுக்க அவர்களுக்கு அதிகாரமே கிடையாது என்று நீதிமன்றம் சொல்லும். பத்திரத்தில் ‘வேறு வாரிசு யாருமில்லை’ என்று அண்ணன்கள் உறுதி கொடுத்திருப்பார்கள். அந்தப் பொய் உறுதிக்காகக் கம்பெனி இவர்கள் மீதே நட்டஈடு கேட்கும். மஹ்ஷரில் பதில் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும், இங்கேயே பதில் சொல்ல வேண்டிவரும்! உம்மாவையும் தங்கச்சியையும் உட்கார வைத்து அவர்கள் கையெழுத்தையும் வாங்குங்கள், அவர்கள் வாடகையை அவர்கள் வங்கிக் கணக்குக்கே போகும்படி எழுதுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண் என்ற ஒரே காரணத்தால் இலவச சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. பத்திரத்தைப் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்பதற்குக்கூடப் போகலாம்.

அடுத்தது வெளிநாட்டுப் பிள்ளைகள். ‘பவர்’ எழுதி அனுப்பு என்று இங்கிருந்து ஒரு வாசகத்தை அனுப்புவார்கள். அவன் வேலை முடித்து இரவு 11 மணிக்கு அறைக்கு வந்து, படிக்காமலே தூதரகத்தில் கையெழுத்துப் போடுவான். அதில் விற்க, அடமானம் வைக்க, குத்தகைக்கு விட, வழக்கு நடத்த எல்லாவற்றுக்கும் அதிகாரம் இருக்கும்! குத்தகைக்கு மட்டும் என்றால் குத்தகைக்கு மட்டும், இன்ன சர்வே எண், இத்தனை ஆண்டு, இன்ன வாடகைக்குக் குறையாமல் என்று தனி அதிகாரப் பத்திரம் எழுதுங்கள். கம்பெனிக்காரர் பெயரிலோ தரகர் பெயரிலோ எழுதாதீர்கள், உங்கள் வீட்டு ஆள் பெயரில் எழுதுங்கள். ‘ரத்து செய்ய முடியாத அதிகாரம்’ என்ற சொல்லைக் கண்டால் அங்கேயே பேனாவை மூடுங்கள். பணம் பெற்றுக்கொண்டு அப்படி எழுதிக்கொடுத்த அதிகாரத்தை ஒப்பந்தச் சட்டப்படி பிறகு எளிதில் திரும்பப் பெற முடியாது. வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். பவர் பத்திரத்தை வைத்தே நிலம் விற்றுவிட்டதாகச் சொல்லும் பழக்கத்துக்கு 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது.

நிலம் வாங்கி வைத்துக் கம்பெனிக்கு விடலாம் என்று எண்ணும் வணிகர்களுக்கும் ஒரு வார்த்தை. பஞ்சமி நிலம் பட்டியல் சமூக மக்களுக்கென்று 1892இல் வகுக்கப்பட்டது. அதைப் பிறர் வாங்கினால் செல்லாது. பூதான நிலம், அரசு நிபந்தனையோடு ஒப்படை செய்த நிலம் எல்லாம் இதைப் போன்றவையே. ‘அ’ பதிவேட்டைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஏழையின் நிலத்தைக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டோம் என்று மகிழ்வது ஆதாயமுமல்ல, அழகுமல்ல.

வக்ஃபு நிலம்: முத்தவல்லிகள் கவனிக்க!

பள்ளிவாசல் நிலம் தரிசாகக் கிடக்கிறது, சோலாருக்கு விட்டால் வருமானம் வருமே என்று சில ஜமாஅத்துகளில் பேச்சு நடக்கிறது. எண்ணம் நல்லது. ஆனால் 1995ஆம் ஆண்டின் வக்ஃபு சட்டம் 56ஆம் பிரிவைப் படிக்காமல் ஒரு அடிகூட எடுத்து வைக்காதீர்கள். 30 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை அறவே செல்லாது. ஓராண்டு முதல் 30 ஆண்டுவரையிலான குத்தகை, வாரியத்தின் முன் அனுமதி இல்லாவிட்டால் செல்லாது. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, விவசாய நிலமாக இருந்தால் 3 ஆண்டுக்கு மேல் குத்தகை செல்லாது. வணிக நோக்கத்துக்கு 30 ஆண்டுவரை விடலாம், அதற்கு மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், பத்திரிகையில் அறிவிப்பு வேண்டும், 2014ஆம் ஆண்டின் குத்தகை விதிகளைப் பின்பற்ற வேண்டும்.

கம்பெனி கேட்பது என்ன? 25 ஆண்டு மின்சாரம், முன்னால் கட்டுமானத்துக்கு ஒன்றிரண்டு ஆண்டு, பின்னால் நீட்டிப்பு. கூட்டிப் பாருங்கள், நீட்டிப்போடு 30ஐத் தாண்டும்! புஞ்சை என்று பதிவான நிலம் என்றால் 3 ஆண்டிலேயே முட்டி நிற்கும். முத்தவல்லியும் இரண்டு மூன்று பெரியவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று நினைத்தால், அந்தக் குத்தகை காகிதம்தான், வருமானமல்ல. நல்ல நோக்கம் சட்டவிரோதச் செயலைச் சட்டபூர்வமாக்கிவிடாது. 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வந்து, அதன் சில பிரிவுகளை 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்தி வைத்திருக்கும் இந்த வேளையில், வக்ஃபு ஆவணத்தில் ஒரு சிறு ஓட்டைகூட இல்லாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. பள்ளிவாசல் மாடியில் சொந்தப் பணத்தில் சொந்த உபயோகத்துக்குத் தகடு பொருத்துவது இந்தக் குத்தகைச் சிக்கலில் வராது. பல ஊர்களுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

கடை மாடி, வீட்டு மாடி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், இரண்டுக்கு 60 ஆயிரம், மூன்றும் அதற்கு மேலும் 78 ஆயிரம் ரூபாய் மானியம். இது வீடுகளுக்கு மட்டும், கடைக்குக் கிடையாது. ‘கடைக்கும் வாங்கித் தருகிறேன்’ என்பவரை நம்பாதீர்கள். மின் இணைப்பு இன்னும் இறந்துபோன பாட்டனார் பெயரில் இருந்தால் முதலில் பெயரை மாற்றுங்கள். 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பத்துக்குத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை, ஏற்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று நுகர்வோர் உரிமை விதிகளில் 2024இல் திருத்தம் வந்திருக்கிறது. வட்டிக் கடன் வேண்டாம் என்று ஒதுங்குகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு கிலோவாட்டில் தொடங்கலாம். கம்பெனியே தன் செலவில் பொருத்தி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் முறையும் உண்டு. அதன் மார்க்க நிலையை ஆலிம்களிடம் கேளுங்கள். சட்ட நிலையை மட்டும் நான் சொல்கிறேன்: அதுவும் நீண்டகால ஒப்பந்தம், இடையில் கடையை விற்றால் என்ன ஆகும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

கடைக்கும் ஆலைக்கும் மின்வாரியக் கணக்கு முறை வீட்டைப் போன்றதல்ல. வீட்டுக்கு, அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டில் கழிக்கிறார்கள். 2021 அக்டோபரில் ஆணையம் பிறப்பித்த உத்தரவில் மற்ற இணைப்புகளுக்கு வேறு முறைகளும் வலைப்பின்னல் கட்டணமும் வந்தன. சிறுதொழில் அமைப்புகள் அந்தக் கட்டணத்தை எதிர்த்துப் போராடின. ஆகவே வீட்டுக் கணக்கைக் காட்டி ‘நாலு வருஷத்தில் போட்ட பணம் வந்துவிடும்’ என்று கடைக்காரரிடம் சொல்பவரிடம், இதே கணக்கை உங்கள் லெட்டர்பேடில் எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். முகத்தைப் பாருங்கள்!

பொருத்திய தகடு பழுதானால் வீட்டுக்காரர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 50 லட்சம்வரை அங்கேயே வழக்கிடலாம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோரே அல்ல. பிழைப்புக்காகத் தானே தொழில் நடத்தும் சிறு கடைக்காரருக்கு மட்டும் விலக்கு உண்டு. மின்வாரியம் பற்றிய புகாருக்கு மின் பகிர்மான வட்டத்தில் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அதற்கு மேல் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். இரண்டுக்கும் வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமில்லை.

பங்கு வாங்கச் சொல்பவர்கள்

அரவை ஆலை, நூற்பாலை, குளிர்பதனக் கிடங்கு வைத்திருப்பவர்களிடம் வரும் மூன்றாவது காகிதம் இது. சொந்த உபயோக மின் உற்பத்தி என்று 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 9ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பலர் கூட்டாகச் சேர்ந்தும் செய்யலாம். ஆனால் 2005ஆம் ஆண்டு விதி 3 இரண்டு நிபந்தனை போடுகிறது. மின்சாரம் பயன்படுத்துகிறவர்கள் கையில் குறைந்தது 26 சதவீத உடைமை இருக்க வேண்டும். உற்பத்தியில் ஆண்டுக்குக் குறைந்தது 51 சதவீதத்தை அவர்கள் பயன்படுத்த வேண்டும். அதுவும் அவரவர் பங்கின் விகிதத்தில். 2023 அக்டோபர் 9 அன்று தக்ஷின் குஜராத் மின் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விகிதக் கணக்கை உறுதி செய்தது. நிபந்தனை தவறினால் அந்த ஆண்டு முழுவதற்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் தலையில் விழும். நீங்கள் ஒழுங்காகப் பயன்படுத்தினாலும் கூட்டாளிகள் தவறினால் அடி உங்களுக்கும்தான்! அந்தக் கட்டணத்தை யார் சுமப்பது என்று பங்கு ஒப்பந்தத்தில் எழுதாமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

இளைஞர்களே, உங்களுக்கு!

திருச்சி அரசு சட்டக் கல்லூரியிலும் வெளியூர்களிலும் நம் பிள்ளைகள் சட்டம் படிக்கிறார்கள். படித்து முடித்ததும் கிரிமினல் பக்கமோ குடும்ப வழக்குப் பக்கமோ போய்விடுகிறார்கள். மின்சாரச் சட்டத்தைத் தொட்டுப் பார்ப்பவர் நான் பார்த்தவரை மிகக் குறைவு. சென்னையில் ஒழுங்குமுறை ஆணையம், டெல்லியில் 45 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டிய தீர்ப்பாயம், அதற்கு மேல் உச்ச நீதிமன்றம் என்று ஒரு தனி உலகமே அங்கே இயங்குகிறது. பெரிய நிறுவனங்களின் பக்கம் நிற்க ஆட்கள் ஏராளம். நாலு ஏக்கர்க்காரர் பக்கம் நிற்க, ஆங்கிலப் பத்திரத்தைத் தமிழில் விளக்க, ஒரு ஊரில் நிலம் கேட்கப்படும் அத்தனை பேரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே வாடகை, ஒரே நிபந்தனை என்று பேச ஆள் வேண்டும். தனித்தனியாகப் போனால் ஆளுக்கொரு விலை. சேர்ந்து போனால், நடுவில் இருக்கும் துண்டு நிலம் இல்லாமல் கம்பெனிக்கு ஒன்றும் ஓடாது! இதில் முஸ்லிம் நிலம், இந்து நிலம், கிறிஸ்தவ நிலம் என்றெல்லாம் பிரிவு கிடையாது. பக்கத்து வயல்காரரோடு சேர்ந்துதான் பேச வேண்டும்.

இப்போதே ஒரு வேலை தொடங்கலாம். கடந்த ஓராண்டில் உங்கள் ஊரில் யார் யாரிடம் சோலார் காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டு, அந்த நகல்களைத் திரட்டுங்கள். கையெழுத்தாகி, பதிவாகாமல் இருப்பவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள், அவற்றில் இன்னும் பேச இடமிருக்கிறது. அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு நான் இதே ஊரில் இருப்பேன், அஸர் வரை உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன். கட்டணம் கிடையாது. வரும்போது பட்டா நகலையும் வில்லங்கச் சான்றையும் மறக்காமல் கொண்டுவாருங்கள், தரகரைக் கொண்டுவர வேண்டாம். வஸ்ஸலாம்.